தடையிலா மருத்துவம்

கடலூர் மாவட்டத்திலுள்ள நெய்வேலி, தமிழ்நாட்டின் தொழில் வளத்திற்குச் சான்றாகத் திகழும் ஊர். 1930களில் ஜம்புலிங்க முதலியார் என்னும் நிலக்கிழார் தம் நிலத்தில் நீர் வேண்டிக் கிணறு தோண்டியபோது, கரிய நிறப் பொருள் ஒன்று வெளிப்பட்டது. அதுவே பழுப்பு நிலக்கரி. அதனை எடுத்துப் பயன்கொள்வதற்கென 1956ஆம் ஆண்டில் அரசு நிறுவனம் ஒன்று தோன்றியது. 1957 மே 20ஆம் நாள் தலைமையமைச்சர் நேரு சுரங்கப் பணியைத் தொடங்கிவைத்தார். ஆயினும், 1961 ஆகஸ்டு மாதத்திலேதான் நிலக்கரிப் படுகை கண்ணுக்குப் புலப்பட்டது. 1962இல் அனல் மின்நிலையத்தின் முதற்பிரிவு மின்னாக்கத்தைத் தொடங்கிற்று.

இடைப்பட்ட நான்கு ஆண்டுகளிலும் அங்கு நடைபெற்ற பணி யாது? நிலக்கரியை உண்டாக்கும் பணி அன்று; அது மண்ணுக்கடியில் பன்னெடுங்காலமாகவே இருந்தது. அதன்மேல் கிடந்த மண்ணை அகற்றுவதே பணியாயிற்று. அதுமட்டுமன்று, நிலக்கரிக்குக் கீழே பேரழுத்தத்துடன் நிலத்தடி நீர் தேங்கியிருந்தது. அதனை இடைவிடாது இறைத்து அழுத்தத்தைக் குறைத்தாலன்றிச் சுரங்கத்தில் கால் வைத்தல் இயலாது. ஆகவே வல்ல பொறிகள் மண்ணை வாரின; எக்கிகள் இரவும் பகலும் நீரை இறைத்தன. தடைகள் நீங்கியபின் வளம் தானே வெளிப்பட்டது. நெய்வேலி கற்பிக்கும் பாடம் இதுவே. பொருள் இருந்தும் பயன்படாதபோது, பொருளைக் குறைகூறுதல் பேதைமை. இடையிலுள்ள தடை யாது என ஆராய்தலே அறிவுடைமை.

இப்பாடம் மருத்துவத்திற்கும் பெரிதும் பொருந்தும்.

திருவள்ளுவர், 'மருந்து' என்னும் அதிகாரத்தில் மருத்துவத்தை நான்கு பகுதியாக வகுத்துக் காட்டுகிறார். நோயுற்றவர், நோய் தீர்க்கும் மருத்துவர், மருந்து, அருகிருந்து துணைபுரிபவர் ஆகிய நான்கும் கூடியதே மருத்துவம் என்பது அவர் கருத்து. இந்நான்கும் தனித்தனியே இருப்பதால் மட்டும் பயன் விளைவதில்லை. நோயாளி ஓரிடத்திலும் மருத்துவர் வேறிடத்திலும் இருந்து, இருவருக்கும் இடையே வழி அடைபட்டிருக்குமாயின், சிறந்த மருந்தும் பேழையில் உறங்கும். மருத்துவத்தின் நான்கு பகுதிகளும் ஒன்றுகூடுவதற்கு வழி வேண்டும். அவ்வழி எல்லார்க்கும் திறந்திருத்தல் வேண்டும்.

கால்கள் செயலற்ற ஒருவர் காய்ச்சலுற்று மருத்துவமனைக்கு வருகிறார் எனக் கொள்வோம். அவர் சக்கர நாற்காலியில் அமர்ந்திருக்கிறார். மருத்துவமனை வாயிலில் நான்கு படிகள் உள்ளன. உள்ளே மருத்துவர் இருக்கிறார், மருந்தும் இருக்கிறது, கட்டணமும் இல்லை. ஏனையோர் அனைவரும் படியேறி உள்ளே செல்கின்றனர். இவரோ வெயிலில் காத்திருக்கிறார். இருவர் மனம் இரங்கி நாற்காலியோடு தூக்கினாலன்றி இவர் உள்ளே செல்லுதல் இயலாது. 'எல்லார்க்கும் ஒரே வாயில். எல்லார்க்கும் ஒரே படி. இதில் வேற்றுமை எங்கே?' என்று ஒருவர் வினவலாம். அந்த ஒரே படிதான் வேற்றுமையை உண்டாக்குகிறது. ஒரே அளவாகக் கொடுப்பது வேறு. ஒரே பயன் கிட்டுமாறு கொடுப்பது வேறு. பின்னதே நேர்மை.

படி மட்டுமே தடை எனக் கருதுதலும் தவறு. கண்பார்வை அற்றவருக்கு, அறையின் எண்ணைப் பலகையில் எழுதிவைத்தல் பயன்படாது. செவிப்புலன் அற்றவருக்கு, வரிசைப்படி பெயர் சொல்லி அழைத்தல் பயன்படாது; அவர் தம் முறை கடந்துபோனதையும் அறியாமல் அமர்ந்திருப்பார். உயரமான சோதனைக் கட்டிலின்மீது ஏற இயலாதவரை நாற்காலியில் வைத்தபடியே சோதித்து அனுப்பினால், வயிற்றிலுள்ள கட்டி கைக்கு அகப்படாமற் போகக்கூடும். அறிவு வளர்ச்சி குன்றிய ஒருவரிடம் பேசாமல், உடன் வந்தவரிடம் மட்டும் பேசும் மருத்துவருக்கு, நோயின் உண்மை நிலை புலப்படாமற் போகலாம். வாயிலைத் திறந்துவைத்தும் மனத்தை அடைத்துவைத்தால் வழி அடைபட்டதே ஆகும்.

இத்தடைகளின் விளைவு சிறிதன்று. உலக நலவாழ்வு நிறுவனம் 2022ஆம் ஆண்டில் இப்பொருள் பற்றி விரிவான அறிக்கை ஒன்றை வெளியிட்டது. உலகில் ஏறத்தாழ 130 கோடி மக்கள், அஃதாவது அறுவரில் ஒருவர், குறிப்பிடத்தக்க உடற்குறையோ மனக்குறையோ உடையவர்கள் என்று அவ்வறிக்கை கணக்கிடுகிறது. அவர்களுள் சிலர், ஏனையோரைவிட 20 ஆண்டுகள் வரை முன்னதாகவே இறக்கின்றனர் என்றும் அது கூறுகிறது. நீரிழிவு, ஈளை, மனச்சோர்வு முதலிய நோய்கள் அவர்களைப் பற்றும் வாய்ப்பு இருமடங்காகும். இவ்வேற்றுமைகளுள் பல, அவர்களுடைய உடற்குறையினால் தோன்றியவை அல்ல. வறுமை, புறக்கணிப்பு, எட்டாத மருத்துவம் ஆகியவற்றால் விளைந்தவை. தவிர்க்கக்கூடியதைத் தவிர்க்காமல் விடுதல் ஊழன்று, அநீதியாகும்.

இந்தியாவிலும் இத்தகையோர் தொகை பெரிது. 2011ஆம் ஆண்டின் மக்கள்தொகைக் கணக்கின்படி, 2 கோடியே 68 இலட்சம் பேர் இவ்வாறு பதிவு செய்யப்பட்டனர். தமிழ்நாட்டில் மட்டும் அவர்கள் ஏறத்தாழ 11 இலட்சத்து 80 ஆயிரம் பேர். முற்காலத்தில் இவர்களை 'ஊனமுற்றோர்' என்று வழங்கினர். அச்சொல் குறையை மட்டுமே சுட்டுவது. இன்று தமிழ்நாட்டில் 'மாற்றுத்திறனாளிகள்' என்னும் சொல் வழக்கில் நிலைபெற்றுள்ளது. பெயர் மாறியது நன்று. அதனோடு வழியும் திறத்தல் வேண்டும்.

வழி திறந்தால் உயிர் பிழைக்கும் என்பதற்கு மருத்துவ வரலாறே சான்று. முதுகுத்தண்டில் அடிபட்டால் அதற்குக் கீழுள்ள உறுப்புகள் அசைவையும் உணர்ச்சியையும் இழக்கின்றன. இரண்டாம் உலகப் போருக்கு முன்னர், இவ்வாறு அடிபட்டோருள் பெரும்பாலோர் விரைவில் இறந்தனர். அவர்களைக் கொன்றது முறிந்த எலும்பன்று. ஒரே நிலையில் படுத்திருப்பதால் தோலில் குருதியோட்டம் தடைப்பட்டுப் புண் உண்டாகும். உணர்ச்சியில்லாமையால் நோயாளி வலியை அறியார். அப்புண்ணும் சிறுநீரகத்தைப் பற்றும் தொற்றும் சேர்ந்து உயிரைப் போக்கின. 1944இல் இங்கிலாந்தில், ஸ்டோக் மாண்டவில் என்னுமிடத்தில், லுட்விக் குட்மன் என்னும் மருத்துவர் இவர்களுக்கெனத் தனிப் பிரிவைத் தொடங்கினார். இரண்டு மணிக்கு ஒருமுறை நோயாளியைப் புரட்டிப் படுக்கவைத்தல், சிறுநீர் தேங்காமல் காத்தல், உடற்பயிற்சி, தொழிற்பயிற்சி ஆகிய எளிய முறைகளைத் தவறாது கடைப்பிடிக்கச் செய்தார். இறந்துபடுவர் எனக் கைவிடப்பட்டோர் பிழைத்தனர். 1948இல் அவர்களுள் பதினறுவர் அம்பெய்தும் போட்டியிட்டனர். அதுவே பிற்காலத்தில் உலகப் புகழ் பெற்ற பாராலிம்பிக் விளையாட்டாக வளர்ந்தது.

நெய்வேலியில் மண்ணை அகற்றும் பணி நடந்துகொண்டிருந்த அதே ஆண்டுகளில், தமிழ்நாட்டின் மற்றோர் ஊராகிய வேலூரில் வேறொரு தடையை அகற்றும் பணி நடந்துகொண்டிருந்தது. அதன் தலைவி மேரி வர்கீஸ் என்னும் மருத்துவர்.

மேரி வர்கீஸ் 1925ஆம் ஆண்டில் கேரளத்தில் பிறந்தவர். வேலூர்க் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் பயின்று மருத்துவரானார். பெண்களுக்கான மருத்துவத்தில் தேர்ச்சிபெற வேண்டுமென்பது அவர் விருப்பம். 1954ஆம் ஆண்டு சனவரித் திங்களில், உடன் பணிபுரிவோருடன் அவர் சென்ற வண்டி கவிழ்ந்தது. அவர்தம் முதுகுத்தண்டு அடிபட்டது; இடுப்புக்குக் கீழே செயலற்றுப் போயிற்று. நோயாளிகளைத் தேடி நடந்த கால்கள் ஒரே நாளில் நின்றன. மருத்துவராயிருந்தவர் நோயாளியானார்.

அப்போது வேலூரில் பால் பிராண்டு என்னும் அறுவை மருத்துவர் பணியாற்றிவந்தார். கொல்லிமலையில் பிறந்த அவ்வாங்கிலேயர், தொழுநோயால் மடங்கிப்போன விரல்களை அறுவையின் மூலம் நிமிர்த்தும் கலையில் வல்லவர். கைகளுக்கு அறுவை செய்யும் மருத்துவர் நின்றுகொண்டிருக்க வேண்டுவதில்லை, அமர்ந்தவாறே பணிபுரியலாம். ஆதலின் மேரி வர்கீஸ் அக்கலையைக் கற்கலாம் என அவர் ஊக்கினார். மேரி வர்கீசும் சக்கர நாற்காலியில் அமர்ந்தவாறே தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவை செய்தார். மடங்கிய விரல்களை நிமிர்த்தியவர் நிமிர்ந்து நிற்க இயலாதவர் என்பது உணரத்தக்கது. அவருடைய அறிவும் கைத்திறனும் விபத்திற்கு முன் இருந்தவாறே இருந்தன. பணியை அவர் நிலைக்கேற்ப அமைத்தவுடன் அவை பயன்தரத் தொடங்கின.

பின்னர் அவர் ஆஸ்திரேலியாவிலுள்ள பெர்த் நகருக்குச் சென்று, பிறர் துணையின்றித் தம் வேலைகளைத் தாமே செய்துகொள்ளப் பயின்றார். அதன்பின் அமெரிக்காவில் நியூயார்க் நகரில் ஹோவர்டு ரஸ்க் என்னும் பேரறிஞரின் நிறுவனத்தில் மறுவாழ்வு மருத்துவத்தைக் கற்றார். அயல்நாட்டில் வசதியுடன் வாழ்தலை விரும்பாது தாயகம் திரும்பினார். 1963இல் வேலூர் மருத்துவக் கல்லூரியில் உடலியல் மருத்துவ மறுவாழ்வுத் துறைக்குத் தலைமை ஏற்றார். 1966ஆம் ஆண்டில் வேலூரை அடுத்த பாகாயத்தில், முதுகுத்தண்டு அடிபட்டோர்க்கென மறுவாழ்வு நிலையம் திறக்கப்பட்டது. சக்கர நாற்காலியில் வருவோரை, சக்கர நாற்காலியில் அமர்ந்த மருத்துவரே வரவேற்றார். 'இனி என் வாழ்வு என்னாகும்?' என்று கலங்கி வந்தோர்க்கு அவருடைய தோற்றமே விடையாயிற்று. 1972இல் இந்திய அரசு அவருக்குப் பத்மசிறீ விருது வழங்கியது. 1986இல் அவர் மறைந்தார். அந்நிலையம் இன்று அவர் பெயராலேயே வழங்குகிறது.

மறுவாழ்வு மருத்துவம் நோயைத் தீர்ப்பதோடு நின்றுவிடுவதில்லை. செயலற்ற கால் மீண்டும் செயற்படாதபோதும், அம்மனிதர் செயற்பட வேண்டும் என்பது அதன் கொள்கை. படுக்கையிலிருந்து நாற்காலிக்கு மாறுவது எவ்வாறு, புண் வாராமல் காப்பது எவ்வாறு, வீட்டு வாயிலை எவ்வாறு அமைப்பது, எத்தொழிலால் பொருள் ஈட்டுவது என்பன அனைத்தும் அங்குக் கற்பிக்கப்படுகின்றன. நோயாளிக்கு மட்டுமன்றி, அருகிருந்து துணைபுரியும் குடும்பத்தார்க்கும் பயிற்சி அளிக்கப்படுகிறது. வள்ளுவர் கூறிய நான்காம் பகுதி அங்கு முழுமை பெறுகிறது.

ஆயினும், நாட்டில் உள்ளோர் அனைவரும் வேலூருக்குச் செல்லுதல் இயலுமா? சிற்றூரில் வாழும் ஏழைத் தாய் ஒருத்தி, நடக்க இயலாத தன் குழந்தையை இடுப்பில் சுமந்து, ஒருநாட் கூலியை இழந்து, இரு பேருந்து மாறி நகரத்து மருத்துவமனைக்குச் செல்ல வேண்டியிருப்பின், முதல் வாரம் செல்வாள், மறு வாரமும் செல்வாள், பிறகு நின்றுவிடுவாள். குழந்தை வளர வளரச் சுமையும் வளரும். இங்குத் தடை மருத்துவமனையின் படியன்று. மருத்துவமனைக்கும் வீட்டுக்கும் இடையிலுள்ள தொலைவு.

இத்தொலைவைக் கடக்க வழிகண்ட நிறுவனம் தென்காசி மாவட்டத்தில் ஆய்க்குடி என்னும் ஊரில் உள்ளது. அதனை நிறுவிய ச. இராமகிருஷ்ணன் பொறியியல் மாணவராய் இருந்தவர். 1975 சனவரி 10ஆம் நாள், கடற்படை அதிகாரிகளுக்கான தேர்வில் உடற்பயிற்சியின்போது கீழே விழுந்து, கழுத்துக்குக் கீழே செயலற்றார். தமக்கு மருத்துவம் செய்த அமர்ஜித் சிங் சாகல் என்னும் படைத்துறை மருத்துவரின் பெயரால், 1981இல் அமர் சேவா சங்கத்தைத் தொடங்கினார். தசைநலிவு நோயுற்ற கணக்காயர் ச. சங்கரராமன் 1992இல் அவருடன் இணைந்தார். ஓலைக் கொட்டகையில் ஒருசில குழந்தைகளோடு தோன்றிய அந்நிறுவனம், காலப்போக்கில் சிற்றூர்களை நோக்கிச் சென்றது. சிற்றூர்ப் பெண்களே பயிற்சி பெற்று வீடுதோறும் செல்கின்றனர். வளர்ச்சி குன்றிய குழந்தைகளை இளமையிலேயே கண்டறிகின்றனர். இயன்முறை மருத்துவர் வகுத்த பயிற்சியைத் தாய்மார்க்குக் கற்பிக்கின்றனர். நோயாளி மருத்துவத்தைத் தேடிச் செல்ல இயலாதபோது, மருத்துவம் நோயாளியைத் தேடி வருகிறது. 2020ஆம் ஆண்டுக்குரிய பத்மசிறீ விருது இராமகிருஷ்ணனுக்கு அறிவிக்கப்பட்டது.

இந்நெறியை அரசும் மேற்கொண்டது. தமிழ்நாடு அரசு 2021 ஆகஸ்டு 5ஆம் நாள் 'மக்களைத் தேடி மருத்துவம்' என்னும் திட்டத்தைத் தொடங்கியது. நீரிழிவு, குருதியழுத்தம் ஆகியவற்றிற்கான மருந்தோடு, இயன்முறை மருத்துவமும் நோய்த்தணிப்பு மருத்துவமும் இல்லத்திற்கே கொண்டுசெல்லப்படுகின்றன.

நாட்டுச் சட்டமும் இதனை உரிமையாக ஏற்றுள்ளது. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 21 வகைக் குறைபாடுகளை எடுத்துக் கூறுகிறது. அதன் 25ஆம் பிரிவு மருத்துவத்தைப் பற்றியது. வாழுமிடத்திற்கு அருகே, சிறப்பாகச் சிற்றூர்ப் பகுதிகளில், வருவாய் வரம்பிற்கு உட்பட்டோர்க்குக் கட்டணமின்றி மருத்துவம். அரசு, தனியார் மருத்துவமனைகளின் எல்லாப் பகுதிகளுக்கும் தடையின்றிச் செல்லும் வசதி. மருத்துவம் பெறுவதில் முன்னுரிமை ஆகிய மூன்றும் அதில் சொல்லப்பட்டுள்ளன. ஆதலின், வாயிலில் சாய்தளம் அமைத்தல் எவரும் இரக்கத்தால் வழங்கும் கொடையன்று. அது செய்தே தீரவேண்டிய கடமை.

'இத்தகையோர் இம்மருத்துவமனைக்கு மிகுதியாக வருவதில்லையே. அவர்களுக்காகப் பெருஞ்செலவு செய்தல் வேண்டுமா?' என்று கேட்போர் உண்டு. வழியில்லாமையால் வாராதிருப்போரை, வாராமையால் வழி வேண்டாதோர் எனக் கருதுதல் எங்ஙனம் பொருந்தும்? செலவும் அத்துணைப் பெரிதன்று. சாய்தளத்தின் உயரம் ஒரு பங்காயின் அதன் நீளம் பன்னிரண்டு பங்காக இருத்தல் வேண்டும் என்பது பொதுவிதி. 15 சென்டிமீட்டர் உயரமுள்ள ஒரு படிக்கு 180 சென்டிமீட்டர் நீளமுள்ள சாய்தளம் போதும். நான்கு படிகள் கொண்ட வாயிலுக்கு 7 மீட்டருக்குச் சற்று மிகுதியான நீளம் தேவைப்படும். கட்டடம் எழுப்பும்போதே வரைபடத்தில் இதனைச் சேர்த்தால் செலவு சிறிது. கட்டியபின் இடித்து அமைத்தால் செலவு பெரிது. அச்சாய்தளத்தில் சக்கர நாற்காலி மட்டுமா செல்லும்? கருவுற்ற பெண், கோலூன்றிய முதியவர், காலில் கட்டுப்போட்ட தொழிலாளி, கைக்குழந்தையைத் தள்ளுவண்டியில் கொணரும் தாய் ஆகிய அனைவரும் அதன்வழியே செல்வர். இன்று படியேறுவோரும் ஒருநாள் முதுமையெய்துவர்.

நோயை வருமுன் தடுத்தல் சிறந்ததே. இளம்பிள்ளை வாதத்தை ஒழிக்க நாடு முழுவதும் குழந்தைகளுக்குச் சொட்டு மருந்து அளிக்கப்பட்டது. 2011 சனவரித் திங்களுக்குப் பின் இந்தியாவில் இயற்கையான இளம்பிள்ளை வாத நச்சுயிரியால் ஒரு குழந்தையும் பாதிக்கப்படவில்லை. 2014 மார்ச்சு 27ஆம் நாள் இந்தியா அந்நோய் நீங்கிய நாடெனச் சான்று பெற்றது. இஃது அரிய வெற்றி. ஆயின், முன்னரே அந்நோயால் கால் நலிந்தோர் இன்றும் வாழ்கின்றனர், அவர்களுக்கும் காய்ச்சல் வரும், பல் வலிக்கும், கண் மங்கும். வருமுன் காத்தலைப் போற்றும் நாடு, வந்தபின் வாழ்வோரை மறத்தல் ஆகாது.

நெய்வேலி நகரியம் பிற ஊர்களைப் போலத் தானே வளர்ந்ததன்று. அகன்ற தெருக்களும், எண்ணிட்ட வட்டங்களும், பள்ளிகளும், மருத்துவமனையும் திட்டமிட்டு அமைக்கப்பட்டன. சுரங்கத்திலும் மின்நிலையத்திலும் உழைப்போர், கடும்பொறிகளின் நடுவே நாள்தோறும் பணிபுரிபவர்கள். உடற்குறை என்பது வேறெங்கோ வேறெவருக்கோ வருவதன்று என்பதைத் தொழில் நகரத்தார் எளிதில் உணர்வர். திட்டமிட்டு ஊரை அமைக்கத் தெரிந்த மாந்தர்க்கு, எவரும் விலக்கப்படாதவாறு வாயிலை அமைத்தல் அரிதன்று.

அத்திட்டத்தில் மாணவர்க்கும் பங்குண்டு. தம் ஊர் மருத்துவமனையின் வாயிலில் எத்தனை படிகள் உள்ளன, சக்கர நாற்காலி நுழையும் அகலம் கதவுக்கு உண்டா, செவிப்புலன் அற்றவர் தம் முறையை அறிவது எவ்வாறு என்று ஒருமுறையேனும் நோக்குதல் வேண்டும். நோக்கியவர் தடையைக் காண்பார், கண்டவர் வாளாயிரார். நாளை அவர்களுள் ஒருவர் பொறியாளராகலாம், ஒருவர் மருத்துவராகலாம், ஒருவர் ஊராட்சித் தலைவராகலாம். மண்ணுக்கடியில் கிடந்த கரியை வெளிக்கொணர மலைபோன்ற மண்ணை அகற்றிய நாட்டில், ஒரு மனிதருக்கும் அவருடைய மருத்துவருக்கும் இடையிலுள்ள நான்கு படிகள் நீக்கலாகாத தடையாக நிற்றல் தகுமோ?